பொருந்திக்கொள்ளவும்

என் காக்கா, அதாவது என் அண்ணன், என்னிடம் மன்னிப்புக் கேட்டது வாட்ஸப்பில். எனக்கென்று தனியாக எழுதியதுகூட அல்ல. ஒரே செய்தியை எழுதி, போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே அமுக்கில் அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டு ஏசியைப் பழுதுபார்க்கும் வேலாயுதத்துக்கும் அது போயிருக்கிறது. அவர் என் கணவருக்குப் போன் செய்து, "என்ன பாய், உங்க மச்சான் எதுக்கு என்கிட்ட மன்னிப்புக் கேட்கிறாரு? நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?" என்று பயந்துபோய் விசாரித்தார்.

செய்தி இதுதான்: "அஸ்ஸலாமு அலைக்கும். இன்ஷா அல்லாஹ் நானும் என் மனைவியும் இவ்வருடம் ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்படுகிறோம். நாங்கள் தெரிந்தோ தெரியாமலோ, சொல்லாலோ செயலாலோ தங்களுக்கு ஏதேனும் தவறு செய்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துப் பொருந்திக்கொள்ளவும். இப்படிக்கு, காதர் மைதீன் குடும்பத்தார்." கீழே கஃபாவின் படம். இரண்டு பக்கமும் ரோஜாப்பூ.

நான் "எதற்கு?" என்று ஒரே ஒரு வார்த்தை பதில் போட்டேன்.

"எல்லாத்துக்கும் லா" என்று சிங்கப்பூர் பாணியில் பதில் வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் என்று கேட்கிறவன் எதற்கும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ரோஜாப்பூவுக்கு நடுவில் மறைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

 காக்கா சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தலைக்கவசம் இல்லாமல் வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்புவது அவர் உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம்தான். கழிப்பறைக்குள் எந்தக் காலை முதலில் வைப்பது, தண்ணீரை எப்படி உட்கார்ந்து குடிப்பது, பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம் என்ன எழுதியிருந்தால் தொடக்கூடாது என்று கேட்காமலே சொல்வார். அவர் இருக்கிற இடத்தில் தும்முவதற்குக்கூட யோசனையாக இருக்கும். தும்மிவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் திரும்பத் தும்மச் சொல்வாரோ என்று பயம்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன்னால் உறவு, அக்கம்பக்கம், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரிடமும் பொருத்தம் கேட்பது எங்கள் வழக்கம். மன்னிப்பை வாயால் சொல்லிவிடலாம். பொருந்திக்கொள்வது அப்படியல்ல. மனம் ஒப்பி, இனி இதற்காக உன்மேல் எனக்கு வழக்கில்லை என்று விட்டுவிடுவது. தொழுகையை விட்டவனும் நோன்பை விட்டவனும் அல்லாஹ்விடம் அழுது கேட்டால் அவன் மன்னிப்பான். ஆனால் ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் செய்த அநியாயத்தை அந்த மனிதன்தான் விட வேண்டும். சின்ன வயதில் மதரஸாவில் பெஞ்சில் உட்காரவைத்து எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் சில பாடங்களில் அதுவும் ஒன்று. அரபா மைதானத்தில் நின்று அழுது, அன்று பிறந்த குழந்தைபோலத் திரும்பி வரவேண்டிய ஹாஜி, ஊரில் ஒரே ஓர் ஆளின் பொருத்தத்தைப் பாக்கி வைத்துவிட்டுப் போனால் அந்தப் பாக்கி அப்படியேதான் இருக்கும்.

அந்த ஓர் ஆள் நான்.

உம்மா மவுத்தான அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூட விடுமுறைக் காலம். உம்மா ஜூரோங்கில் காக்கா வீட்டில் இருந்தார்கள். நாங்கள் இருப்பது உட்லண்ட்ஸில். என் கணவரின் தம்பி மகளுக்கு மலேசியப் பக்கத்து ஜோகூரில் நிக்காஹ் என்று காலையிலேயே கடல்பாலத்தைத் தாண்டிப் போயிருந்தோம். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது காக்காவின் போன் வந்தது. "உம்மா எழும்பலை மைமூன்." அவ்வளவுதான் சொன்னார். கட்டியிருந்த பட்டுச்சேலையோடு காரில் ஏறினேன். திரும்பி வரும் வழியில் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. சிங்கப்பூர் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, கார் ஓர் அடி போவதாக இல்லை. கதவைத் திறந்து இறங்கி நடந்தேன். உச்சி வெயில். செருப்பின் வார் அறுந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். "காக்கா, பாலத்துல நடந்து வந்துக்கிட்டிருக்கேன், உம்மா முகத்தை மூடிடாதீங்க" என்று போனில் கத்தினேன். பக்கத்துக் காரில் இருந்த சீனப் பெண்மணி கண்ணாடியை இறக்கி எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். "சரி சரி, பார்த்து வா" என்றார் காக்கா.

பாஸ்போர்ட்டைக் காட்டி, டாக்சி பிடித்து, ஜூரோங் வீட்டுக்குப் போனால் அங்கே பெண்கள் மட்டும் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அதே டாக்சியில் சுவா சூ காங் மையவாடிக்கு ஓடினேன். மண் தள்ளி முடித்துவிட்டு ஆண்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். காக்கா என்னிடம் வந்து சொன்ன முதல் வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "மையத்தை வச்சிருக்கக் கூடாது மைமூன். சீக்கிரம் அடக்கணும், அதுதான் மார்க்கம். சத்தம் போட்டு அழாதே, மையத்துக்கு வேதனை."

மார்க்கம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் நான் என்ன பேசுவது? சீக்கிரம் அடக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெருநாள் வந்து போய்விட்டது. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டுக்குப் போகிறேன், பிரியாணி சாப்பிடுகிறேன், ஸலாம் சொல்லிக் கையைப் பிடிக்கிறேன். அவரும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. உம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவள் நான் ஒருத்திதான். மதினி பார்த்தார்கள். மேல்மாடி மலாய்க்காரக் குடும்பம் பார்த்தது. குளிப்பாட்ட வந்த, பேர்கூடத் தெரியாத பெண்கள் பார்த்தார்கள்.

இப்போது அதற்கும் சேர்த்து "எல்லாத்துக்கும் லா"வாம்.

பதில் வராததால் காக்கா நேரிலேயே வந்துவிட்டார். வந்த இடத்தைத்தான் பாருங்கள். நான் லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலா அரவை மில்லில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். அன்று மிளகாய் அரைக்கிற நாள். உள்ளே நுழைகிற எவரும் நாலு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச முடியும். ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட என் முன்னால் வந்து நின்றார்.

"மைமூன், மெசேஜ் பார்த்தியா? பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை போடலையே."

"எதைப் பொருந்திக்கணும்னு நீங்க சொல்லலையே காக்கா."

"எல்லாத்தையும்தான். உஸ்தாத் ஹஜ் கிளாஸ்லயே சொன்னாரு, ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் கேட்கணும்னு."

"ஒருத்தர் விடாமக் கேட்கத்தான் சொன்னாரு. என்ன செஞ்சோம்னு யோசிக்காமக் கேட்கச் சொன்னாரா?"

கூட வேலை பார்க்கும் கமலம் தராசில் மல்லியைக் கொட்டிக்கொண்டே காதை இங்கே வைத்திருந்தாள். வரிசையில் நின்ற நாலைந்து பேரும் அப்படித்தான். காக்கா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"உன் சைக்கிள் பிரேக்கைக் கழட்டி விட்டேனே, அதுவா?"

"இல்ல."

"கணக்குல ஃபெயில் ஆனதை வாப்பாகிட்டச் சொன்னேனே."

"இல்ல."

"மாப்பிள்ளை குட்டைன்னு உன் நிச்சயதார்த்தத்துல சொன்னேன். அது சும்மா வேடிக்கைக்குச் சொன்னது. அவரு காதுல விழும்னு நினைக்கலை."

இது எனக்கே தெரியாது. "இல்ல" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உன் பிள்ளை பிறந்ததுக்கு அறுக்கிற அக்கீக்கா ஆட்டை லேட்டாக் கொடுத்தீங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அது என் தப்புதான், தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்."

சைக்கிளிலிருந்து ஆடு வரைக்கும் வந்தாயிற்று. ஊரெல்லாம் சுற்றுகிறார், ஒரு தெருவுக்குள் மட்டும் நுழைய மாட்டேன் என்கிறார். வரிசையில் நின்ற ஓர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மன்னிச்சிடும்மா. பாவம், எப்படி அழுறாரு பாரு," என்றார். அழுகை அல்ல, மிளகாய்த் தூள் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. "அரைச்சதை வாங்கிட்டுப் போங்கம்மா, அடுத்தவங்க நிக்கிறாங்க," என்றேன்.

பேரீச்சம்பழத்தைக் கல்லாவில் வைத்துவிட்டுக் காக்கா போனார். போகிற போக்கிலும், மில் வாசலில் தீயணைப்புக் கருவிக்கு முன்னால் மூட்டை அடுக்கியிருப்பது ஆபத்து என்று கமலத்திடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"எங்கள்ல இப்படி வீடுவீடாப் போய்க் கேட்கிற பழக்கமே இல்ல அக்கா," என்றாள் கமலம். "உங்க அண்ணன் கேட்கவாவது செய்றாரே. விட்டுடுங்களேன்."

"எதை விடுறது? அவரு கையில எடுத்துக் காட்டினாத்தானே நான் வாங்கிக் கீழே போட முடியும்?"

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. மதினி தினமும் போன் செய்தார்கள். முதலில் நலம் விசாரிப்பார்கள், பிறகு மக்காவில் வெயில் எப்படி என்று சொல்வார்கள், பிறகு மெதுவாக, "உங்க காக்கா சரியாச் சாப்பிடுறதில்லை மைமூன்" என்பார்கள். பெண்ணெடுத்த இடம், கொடுத்த இடம், பினாங்கில் இருக்கிற சாச்சி வரை எனக்கு மார்க்கம் சொன்னார்கள். மூன்று நாளைக்கு மேல் மனஸ்தாபம் வைக்கக்கூடாது, மன்னிக்கிறவரை அல்லாஹ் உயர்த்துகிறான், ஹாஜியைத் தடுத்த பாவம் உன் தலையில் விழும். பாவம் செய்தவர் பெட்டி கட்டுகிறார். பயான் உபதேசமெல்லாம் பாலத்தில் நடந்தவளுக்கு.

என் கணவர் தாவூது பொதுவாக எதிலும் தலையிட மாட்டார். அவரே ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார். "மச்சான் இத்தனை வருஷம் பேரைப் பதிஞ்சு காத்திருந்து இப்பத்தான் வாய்ப்பு வந்திருக்கு. பொருந்திக்கிட்டேன்னு சொன்னா உன் வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"வாயால சொல்லிடலாம். மனசு ஒப்பலைன்னா அது அங்க செல்லுமா?"

"அது அல்லாஹ் பார்த்துக்குவான்."

"அவன் பார்ப்பான்னுதான் சொல்றேன். அவன் பார்க்கும்போது நான் எப்படிப் பொய் சொல்றது?"

அவர் தட்டை மறுபடியும் இழுத்துக்கொண்டார்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காக்கா வீட்டில் துஆ வைத்தார்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் ஜூரோங்கில் கூடினோம். கூடத்தில் பாய் விரித்து ஆண்கள், உள்ளறையில் பெண்கள். உஸ்தாத் துஆ ஓதி முடித்ததும் காக்கா எழுந்து நின்றார். எழுதிவைத்ததைப் போல அதே வாசகத்தைச் சொன்னார். தெரிந்தோ தெரியாமலோ, சொல்லாலோ செயலாலோ. கூடம் முழுக்க, "பொருந்திக்கிட்டோம், பொருந்திக்கிட்டோம்" என்றது. உள்ளறையிலும் எல்லாப் பெண்களும் சொன்னார்கள். மதினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, தட்டு எடுக்கப் போகிறவள்போலச் சமையலறையைத் தாண்டித் துணி காயப்போடும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் காக்கா அங்கே வந்தார். புதுத் தொப்பி, அத்தர் வாசனை. கதவைப் பாதி சாத்தினார்.

"எல்லாரும் சொன்னாங்க. நீ மட்டும் சொல்லலை."

"எல்லாருக்கும் நீங்க ஒன்னும் செய்யலை. அவங்களுக்குச் சொல்றது சுலபம்."

"நான் என்னதான் செஞ்சேன் மைமூன்? நேராத்தான் சொல்லேன். எனக்கு ராத்திரி தொழுகையில நிக்க முடியலை. நீதான் முன்னாடி வந்து நிக்கிறே."

அவரே சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் பிடிவாதமாக இருந்தேன். ஆனால் இந்த மனுஷன் கடைசி வரைக்கும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்துபோயிற்று. எனக்கு அலுத்துவிட்டது.

"உம்மா முகத்தை மூடினீங்களே," என்றேன். "நான் நடந்து வந்துக்கிட்டிருக்கேன்னு தெரிஞ்சும் மூடினீங்களே. அது."

காக்காவின் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாதிரி அல்ல. பட்டறையில் யாரோ விதியைக் கேள்வி கேட்டால் வருகிற முகம் வந்தது.

"அது எப்படித் தப்பாகும்? மையத்தைச் சீக்கிரம் அடக்கணும். நபிவழி. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டா, மார்க்கத்தைச் செஞ்சதுக்கு மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆகிடும். வேற எதுக்கு வேணும்னாலும் கேட்கிறேன், உன் காலைப் பிடிச்சுக்கூடக் கேட்கிறேன். அதுக்குக் கேட்க முடியாது. ஹஜ்ஜுக்குப் போற நேரத்துல பொய்யா மன்னிப்புக் கேட்கச் சொல்றியா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இதுவரை நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவள், "நீ" என்று இறங்கிவிட்டேன்.

"ஹஜ்ஜுக்கு இத்தனை வருஷம் காத்திருக்கத் தெரிஞ்ச உனக்கு, எனக்காக அரை மணி நேரம் காத்திருக்கத் தெரியலை. அப்படித்தானே?"

"சத்தம் போடாதே, உள்ள ஆள் இருக்காங்க."

"சரி. சத்தம் போடலை. ஒன்னே ஒன்னு சொல்லு. அன்னிக்குக் காத்திருக்க வழியே இல்லைன்னு சொல்லு. நேரம் இல்லை, உஸ்தாத் கூடாதுன்னுட்டாரு, மையவாடி மூடிடும், ஏதாவது ஒன்னு. சத்தியமெல்லாம் வேணாம், வெறும் வாயால சொன்னாப் போதும். சொல்லிட்டா இப்பவே, இந்த இடத்துலயே பொருந்திக்கிட்டுப் போயிடறேன். சொல்லு காக்கா."

எளிதான வழியைத்தான் காட்டினேன். உண்மையில் அவர் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டும், இந்தப் பாரத்தை இறக்கிவைக்க வேண்டும். காக்கா வாயைத் திறந்தார். எந்தச் சட்டத்தையும் மூச்சு விடாமல் சொல்கிற வாய். அது அப்படியே திறந்தபடி இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தார்.

"வழி இருந்துச்சு," என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"உஸ்தாத் கேட்டாரு. மகள் பாலத்துல நடந்து வர்றாங்களாமே, நேரம் இருக்கு, கொஞ்சம் பொறுக்கலாமான்னு. குளிப்பாட்டின பொம்பளைங்களும் கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"என்னால அந்த ரூம்ல நிக்க முடியலை மைமூன். காலையில நான்தான் போய் எழுப்பினேன். உடம்பு சில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் டாக்டர், போலீஸ், மையவாடிக்குப் போன், எல்லாம் நான்தான். எல்லாரும் அடுத்து என்னன்னு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நீ வந்து உம்மா மேல விழுந்து அழுதா நானும் விழுந்துடுவேன்னு தெரியும். எல்லார் முன்னாடியும். சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. மார்க்கம்னு சொன்னேன். அப்படிச் சொன்னா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்கன்னு தெரியும். உஸ்தாத்கூடப் பேசலை. அதுக்கப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான்னு ஆகிடுச்சு."

நான் கேட்டது இதைத்தான். கையில் எடுத்துக் காட்டு, வாங்கிக் கீழே போடுகிறேன் என்றேன். காட்டிவிட்டார். வாங்க முடியவில்லை. இத்தனை வருஷமாக நான் பாலத்தைத் திட்டினேன், ஜோகூர்க் கல்யாணத்தைத் திட்டினேன், பள்ளி விடுமுறையைத் திட்டினேன். ஒரு தடவை, அல்லாஹ் மன்னிக்கட்டும், மார்க்கத்தையே மனதுக்குள் திட்டியிருக்கிறேன். மார்க்கம் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறது. காக்காதான் முடியாது என்றிருக்கிறார். அந்த நிமிஷம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று அப்படி ஒரு கோபம் வந்தது. கூடவே, காலையில் தனியாகப் போய் உம்மாவை எழுப்பிப் பார்த்தது அவர்தான் என்பதும் உறைத்தது. அதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. 

உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ காக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

"முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"யாரு முகம்?"

"உம்மா முகம். நீ பார்த்தேல்ல. எனக்கு யாரும் சொல்லலை. நானும் யாரையும் கேட்கலை."

"மாஷா அல்லாஹ், நூர் இறங்கின மாதிரி, அப்படியே தூங்குற மாதிரி..."

"எல்லா மையத்துக்கும் சொல்றதை எனக்குச் சொல்லாதே!"

காக்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தலையில் முடி இவ்வளவு கொட்டியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"எரிச்சலா இருந்துச்சு," என்றார் மெதுவாக. "வாயை இறுக்கிக்கிட்டு, புருவத்தைச் சுளிச்சுக்கிட்டு. நீ ஸ்கூல் விட்டு நேரத்துக்கு வரலைன்னா கதவைத் திறந்து வச்சுக்கிட்டு லிஃப்டையே பார்த்துக்கிட்டு நிப்பாங்களே, அந்த மூஞ்சி. கற்பூரம் வச்சு, கபன் துணியைச் சுத்தினப்புறமும் மாறலை. அதைப் பார்த்துட்டுத்தான் மூடச் சொன்னேன்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். சத்தம் போட்டு அழுதார். அன்று மையவாடியில் என்னை அழாதே என்று சொன்ன அதே ஆள், கூடத்தில் இத்தனை பேர் கேட்க, துணிக் கம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மதினி ஓடி வந்து கதவருகே நின்றுவிட்டார்கள். நானும் அழுதேன். அவரைச் சமாதானப்படுத்தவில்லை. எனக்கு அதற்கு மனம் வரவில்லை.

அழுது ஓய்ந்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார். இந்தத் தடவை தெரிந்தோ தெரியாமலோ இல்லை.

"தெரிஞ்சுதான் செஞ்சேன். உன்னைப் பார்க்க விடாம மூடினேன். பொருந்திக்கிறியா மைமூன்?"

மதினி என் கையைப் பிடித்தார்கள்.  ஒரு வார்த்தைதான்.

"இல்ல காக்கா," என்றேன். "இன்னும் பொருந்தலை. ஹஜ்ஜுக்குப் போற ஆளை ஏமாத்தி அனுப்ப மாட்டேன். ஆனா பொருந்தணும்னு மனசுல நிய்யத்து வச்சிட்டேன். இப்போதைக்கு என்கிட்ட அதுதான் இருக்கு. அதோட போயிட்டு வாங்க."

நிய்யத்து வைத்தால் மட்டும் செல்லுமா என்று கேட்கத்தான் அவர் வாயெடுத்தார், எனக்குத் தெரியும். கேட்கவில்லை. தலையை ஆட்டினார். தொப்பியைத் தட்டி மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அரபாவுல நின்னு உனக்காக என்ன துஆ கேட்கட்டும்?" என்றார்.

"எனக்காக ஒன்னும் வேணாம்," என்றேன். "நான் நடந்து வந்துக்கிட்டுதான் இருந்தேன்னு உம்மாகிட்டச் சொல்லச் சொல்லி அல்லாஹ்கிட்டக் கேளுங்க."